குப்பை மண்ணில் மெட்டல் டிடெக்டர்: ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் மோதிரம்

"அங்கே ஒன்றும் இல்லை, வெறும் ஆணியும் பாட்டில் மூடியும்தான்" என்று மற்றவர்கள் கைவிட்ட மண்ணைத்தான் நான் விரும்பித் தேடுவேன். மனிதர்கள் கூடிய இடத்தில்தான் குப்பை சேரும். கூடிய இடத்தில்தான் விரலிலிருந்து மோதிரம் நழுவும், பையிலிருந்து நாணயம் உருளும், சங்கிலியின் கொக்கி விடும். குப்பையே இல்லாத மண் என்றால் பெரும்பாலும் அங்கே யாரும் குடியிருந்ததில்லை, உட்கார்ந்து பேசியதில்லை, விளையாடியதில்லை. சுத்தமான மண்ணில் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் பலர், குப்பை மண்ணில் அரை மணி நேரம்கூடப் பொறுத்து நிற்பதில்லை. அதனால்தான் அங்கே இன்னும் பொருள் மிச்சமிருக்கிறது.

நான் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்த்துப் பிழைத்தவள். இரைச்சலுக்குள் ஸ்டேஷனைத் தேடிப் பிடிக்கும் காது எனக்கு அப்போதே பழகிவிட்டது. மெட்டல் டிடெக்டர் கைக்கு வந்தபோது திரையை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கேட்கத் தொடங்கியது அதனால்தான். இப்போது அண்ணன் மகளுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறேன். அவளிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனதில் இருத்த வேண்டியது: குப்பை மண்ணில் ஆழம் பெரிய தடை இல்லை. பக்கத்தில் கிடக்கும் இரும்புதான் தடை. ஒரு சாண் ஆழம்கூட இல்லாத இடத்தில் மோதிரம் கிடக்கும். அதற்கு மேலேயோ பக்கத்திலேயோ ஒரு ஆணி கிடப்பதால் எந்தக் கருவியும் அதைச் சொல்லாமல் போய்விடும். இது பிடிபட்டுவிட்டால் எந்தக் காயில் (மண்ணுக்கு மேலே வீசும் வட்டத் தலை), என்ன செட்டிங், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

ஏன் மறைகிறது

டிடெக்டரின் காயிலுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. அனுப்பும் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது தன் பங்குக்கு ஒரு சின்னப் புலத்தை உண்டாக்கும். வாங்கும் சுருள் பிடிப்பது அதைத்தான். அனுப்பிய அலையைவிட, திரும்பி வந்த அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்து, கீழே கிடப்பது இரும்பா, அலுமினியத் தாளா, வெள்ளியா என்று கருவி கணிக்கிறது. திரையில் தெரியும் எண் அந்தக் கணிப்புதான்.

காயிலுக்குக் கீழே ஆணியும் மோதிரமும் ஒன்றாகக் கிடந்தால் திரும்பி வருவது இரண்டும் கலந்த ஒரு அலை. இரும்பு காந்தத்தன்மை உள்ளது, அதன் குரல் உரக்க இருக்கும். கலவையை வாங்கிய கருவி "இரும்பு" என்று முடிவு கட்டிவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆணியின் சிக்னலைக் கையாண்டு முடித்து அடுத்ததற்குத் தயாராகக் கருவிக்கு ஒரு சிறு இடைவெளி தேவை. அந்த இடைவெளிக்குள் காயில் மோதிரத்தைக் கடந்துவிட்டால், மோதிரம் கணக்கிலேயே வராது.

இந்தச் சிக்கல் கருவி பிறந்த காலத்திலேயே இருந்தது. 1881-ல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டு, உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியாமல் போனது. தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், சுருள்களைக் கொண்டு உலோகம் தேடும் ஒரு கருவியைச் செய்து எடுத்துப் போனார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் கருவியைக் குழப்பின என்று பின்னால் சொல்லப்பட்டது. போதாக்குறைக்கு, பொறுப்பில் இருந்த மருத்துவர் குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பி அந்தப் பக்கத்தையே தேட விட்டார். பிரேதப் பரிசோதனையில் அது முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது தெரிந்தது. பெல்லின் கருவி வேலை செய்யும் கருவிதான். சுற்றியிருந்த இரும்பும், தேடிய இடமும்தான் கெடுத்தன. குப்பை மண்ணில் நாம் சந்திக்கும் இரண்டு தொல்லைகளும் அதே இரண்டுதான்.

காயில்

கருவியோடு வரும் காயில் பெரும்பாலும் 10, 11 அங்குலம் இருக்கும். குப்பை மண்ணுக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு 5, 6 அங்குலக் காயில் ஒன்றை மாட்டுங்கள். புதுக் கருவி வாங்கப் பணம் சேர்ப்பவர்களுக்கு நான் சொல்வது, இருக்கிற கருவிக்கு முதலில் ஒரு சின்னக் காயில் வாங்குங்கள் என்பதே. பெரிய காயிலுக்குக் கீழே ஒரே நேரத்தில் ஆறு ஏழு ஆணிகள் வந்துவிடும். சின்னக் காயிலுக்குக் கீழே ஒன்றோ இரண்டோதான் வரும். நடுவில் இருக்கும் சந்தில் மோதிரம் வாய் திறக்க இடம் கிடைக்கும்.

ஆழம் குறையுமே என்பார்கள். குறையும். ஒரு நாணயம் ஏறக்குறைய காயிலின் விட்டம் அளவு ஆழம் வரை கேட்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் சின்னக் காயிலுக்கு 12 முதல் 15 செ.மீ. வரை எட்டும். குப்பை மண்ணில் பெரிய காயில் 25 செ.மீ. வரை பார்க்கும் என்பது பேச்சுக்குத்தான். மேலே கிடக்கும் ஆணிகளைத் தாண்டி அது கீழே இறங்குவதே இல்லை.

காயிலில் இரண்டு வகை அதிகம் புழங்கும். டிடி காயில் முன்னிருந்து பின்வரை ஒரு குறுகிய பட்டையாகப் பார்க்கும்; அடுத்தடுத்துக் கிடக்கும் பொருள்களைப் பிரித்துக் காட்டுவதில் கெட்டி. கான்சென்ட்ரிக் காயில் கூம்பு வடிவில் பார்க்கும். துருப்பிடித்த பாட்டில் மூடியை இரும்பென்று நேர்மையாகச் சொல்வதில் அது கெட்டி. ஆணி நிறைந்த பழைய வீட்டு மனைக்கு டிடி. மூடி நிறைந்த மைதானத்துக்குக் கான்சென்ட்ரிக் கிடைத்தால் நல்லது.

செட்டிங்

இரும்பை ஒதுக்கும் வசதியை, அதாவது டிஸ்கிரிமினேஷனை, முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு குப்பை மண்ணில் இறங்குவதைப் பலர் செய்கிறார்கள். தொல்லை தரும் சத்தம் நின்றுவிடும், காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் இரும்பின் சத்தத்தை நீங்கள் அணைக்கும்போது, அதன் பக்கத்தில் இருப்பதன் சத்தமும் சேர்ந்து அணைகிறது. காது முழுக்க அமைதியாக இருக்க, கால் மோதிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே இரும்பு பேசட்டும். டிஸ்கிரிமினேஷனைக் கூடியவரை குறையுங்கள். இரும்புக்குத் தாழ்ந்த குரல், மற்ற உலோகங்களுக்கு உயர்ந்த குரல் என்று பிரித்துக் கொடுக்கும் டோன் வசதி இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். இரும்பின் சத்தத்தை மட்டும் தணித்துக்கொள்ளும் வசதி சில கருவிகளில் இருக்கும். தணிக்கலாம், அணைக்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் தலை சுற்றும். சந்தை இரைச்சலுக்கு நடுவே தன் குழந்தையின் அழுகையை மட்டும் தாய் கேட்பாளே, அதுபோலக் காது மெல்ல மெல்லக் கர்முர்ரென்ற சத்தத்தைப் பின்னால் தள்ளிவிட்டு உயர்ந்த ஒலியை மட்டும் முன்னால் கொண்டுவரும். ஹெட்போன் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. மெல்லிய சிக்னலைக் காற்றே விழுங்கிவிடும்.

ரெகவரி ஸ்பீடு என்றோ ரியாக்டிவிட்டி என்றோ ஒரு செட்டிங் உங்கள் கருவியில் இருந்தால், அதை உயர்த்துங்கள். மேலே சொன்ன அந்த இடைவெளியைச் சுருக்குவது இதுதான். உயர்த்தினால் கொஞ்சம் ஆழம் போகும், சத்தங்கள் கத்தரித்தாற்போலத் துண்டு துண்டாகக் கேட்கும். போகட்டும். அயர்ன் பயஸ் என்ற செட்டிங், கலப்பான சிக்னலை இரும்பின் பக்கம் சாய்ப்பது. ஆணி மண்ணில் அதைக் குறைத்து வைக்கிறேன். பொய்ச் சிக்னல் கொஞ்சம் கூடும். ஆணிக்குப் பக்கத்து மோதிரமும் அப்போதுதான் கேட்கும். மூடி மண்ணில் அதை ஏற்றுகிறேன்.

சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, முழுக்கத் திருகிவிட வேண்டாம். கீழே ஆழத்தில் கிடக்கும் இரும்பெல்லாம் எழுந்து வந்து கலக்கும். முக்கால் பங்கில் தொடங்கி, கருவி அமைதியடையும் வரை இறக்குங்கள். கிரவுண்ட் பேலன்ஸ் செய்ய, அதாவது அந்த மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சமன்படுத்த, உலோகமில்லாத ஒரு சின்னத் திட்டு வேண்டும். மனையின் ஓரத்திலோ மரத்தடியிலோ தேடிப் பாருங்கள். அகப்படவே இல்லையென்றால் தொழிற்சாலை வைத்த அளவிலேயே விட்டுவிடலாம். ஆணியின் மேல் வைத்து பேலன்ஸ் செய்வது எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஃப்ரீக்வென்சியைத் தேர்ந்தெடுக்கும் கருவி என்றால், பெரிய வெள்ளி, செம்பு நாணயங்களுக்குக் குறைந்த அலைவரிசை, 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ். மெல்லிய தங்கத்துக்கு 15-க்கு மேல். ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் ஓடும் கருவியில் இந்தக் கவலை இல்லை.

நடை

வேகமாக வீசினால் எந்த விலைக் கருவியும் குப்பை மண்ணில் ஊமைதான். காயிலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோக இரண்டு வினாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள். வீச்சின் அகலம் ஒரு முழத்தைத் தாண்ட வேண்டாம். காயில் மண்ணோடு ஒட்டியே போகட்டும். இரு முனையிலும் மேலே தூக்கிவிடும் பழக்கம் எல்லோருக்கும் வரும், கவனித்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும்.

பரந்த இடத்தை ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். நான் நூல் கட்டி ஒரு சதுரம் போடுவேன், பக்கத்துக்கு 3 மீட்டர். அன்றைக்கு எனக்கு அதுதான் உலகம். வடக்கு தெற்காக ஒருமுறை, கிழக்கு மேற்காக ஒருமுறை. இந்த இரண்டாவது முறையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆணி நீளமான பொருள். ஒரு திசையில் மோதிரத்தை மூடினாலும் இன்னொரு திசையில் விலகி வழிவிடும்.

எதையாவது கேட்டதும் நடப்பதை நிறுத்துங்கள். சத்தம் வந்த இடத்துக்கு மேலே காயிலை நான்கைந்து விரல் அகலத்துக்கு மட்டும் விரைந்து ஆட்டுங்கள். பிறகு அந்த இடத்தைச் சுற்றி நடந்து, கால் வட்டம் திரும்பி, மறுபடி ஆட்டுங்கள். நல்ல பொருள் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் அதே இடத்திலிருந்து பேசும். இரும்பின் பொய்ச் சிக்னல் இடம் மாறும். நீங்கள் திரும்பினால் ஒரு கைப்பிடி தள்ளிப் போய்க் கேட்கும், அல்லது மொத்தமாக உறுமலாகிவிடும். பெரிய இரும்புத் துண்டு சில சமயம் எண்ணை உச்சிக்கே ஏற்றிக் காட்டும், அடுத்த வீச்சில் அடிமட்டத்துக்கு இறக்கும். நிலையில்லாத எண் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் குப்பை மண்ணில் ஒரு விதிவிலக்கு உண்டு. சுத்தமான மண்ணில், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்கும் சிக்னலை விட்டுவிடலாம். இங்கே விடக் கூடாது. ஒரே திசையில் மட்டும் வந்தாலும், வரும்போதெல்லாம் அதே புள்ளியில் வந்தால் தோண்டுங்கள்.

இடித்த வீடு ஒன்றின் வாசற்படி இருந்த இடத்தில் அண்ணன் மகள் காயிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கர், கர் என்று இரண்டு உறுமல், நடுவே நகம் கீறினாற்போல ஒரு கீச்.

"அத்தை, இது வெறும் ஆணிதானே?"

"ஆணி உறுமும். நடுவில் கீச்சிட்டது யார்?"

அவள் பக்கம் மாறி நின்று ஆட்டினாள். உறுமல்தான். மறுபடி பழைய பக்கம்: அதே இடத்தில் கீச். எண் நிலைக்கவில்லை, 20-ல் வரும், எகிறும், மறையும். தோண்டச் சொன்னேன். மூன்று விரல் ஆழத்தில் துருவேறிய ஆணி, அதன் மேல் மண் கட்டியாக ஒட்டியிருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டுக் குழியின் மேல் காயிலைக் காட்டியதும் கீச் நீண்டு ஒலித்தது. அடுத்து கதவுக் கீலின் ஒரு துண்டு. அதுவும் போனபின் எந்தப் பக்கத்திலிருந்து ஆட்டினாலும் தெளிவான உயர்ந்த ஒலி. குழியின் அடியில் ஒன்றும் இல்லை. பின்பாயிண்டரை, அதாவது குழிக்குள் விட்டுத் தேடும் கையடக்கக் கருவியை, குழியின் சுவரில் ஓட்டியபோது ஒரு பக்கத்தில் அதிர்ந்தது. வெள்ளி மோதிரம், செங்குத்தாக நின்றபடி மண்ணில் பதிந்திருந்தது. படுத்துக் கிடக்கும் மோதிரம் காயிலுக்கு முழு வட்டத்தைக் காட்டும், சத்தம் நன்றாக வரும். நிற்கும் மோதிரம் விளிம்பைத்தான் காட்டும். அதோடு இரண்டு இரும்புக்கு நடுவிலும் மாட்டிக்கொண்டால் அந்தக் கீச்சுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

தங்கம் வேண்டுமென்றால் அலுமினியம் தோண்டுங்கள்

இரும்பைக் காதால் பிரித்துவிடலாம். அலுமினியத்தைப் பிரிக்க முடியாது. இதைச் சுற்றி எத்தனையோ தந்திரங்கள் சொல்லப்படுகின்றன. எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை.

மின்கடத்தும் திறனில் செம்பை 100 என்று வைத்தால், வெள்ளி அதற்குச் சற்று மேலே, சுத்தத் தங்கம் 70 அளவில், அலுமினியம் 60-க்குச் சற்று மேலே. இப்படிப் பார்த்தால் தங்கம் தனியாகத் தெரிய வேண்டும். ஆனால் நகை பெரும்பாலும் சுத்தத் தங்கத்தில் செய்யப்படுவதில்லை. வெள்ளியும் செம்பும் கலந்ததும் கடத்தும் திறன் பல மடங்கு இறங்கிவிடுகிறது. வெண்தங்கத்தில் இன்னும் இறங்கும். கூடவே பொருளின் பருமனும் வடிவமும் எண்ணை மாற்றும். கடைசியில் மெல்லிய மோதிரமும் தோடும் சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாள் விழும் எண்ணிலேயே விழும். நடுத்தர மோதிரம் குளிர்பானக் கேனைத் திறக்கும் வளையத்தின் எண்ணிலேயே விழும். அந்த எண்களை ஒதுக்கி வைத்தால் தங்கத்தையும் ஒதுக்கி வைத்ததாகத்தான் அர்த்தம்.

அறுந்த மோதிரம் இன்னும் மோசம். வளையம் முழுதாக இருந்தால் சுழல் மின்னோட்டம் அதைச் சுற்றி ஓடும். ஓரிடத்தில் விட்டிருந்தால் அந்த ஓட்டம் அறுந்து, எண் கீழே விழுந்துவிடும். மெல்லிய சங்கிலியில் கருவி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒவ்வொன்றும் மிகச் சின்னது என்பதால் முழுச் சங்கிலியும் கேட்காமல் போகும், கொக்கி மட்டும் லேசாகத் தட்டும். தாழ்ந்த, மெல்லிய, ஆனால் அசையாத ஒரு சிக்னல் வந்தால் அலுமினியத் தாள் என்று எழுந்துவிடாதீர்கள்.

ஒரு சிறு துப்பு உண்டு, துப்பு மட்டும்தான். வட்டமான, ஒழுங்கான பொருளின் ஒலி ஏறி இறங்குவது சீராக இருக்கும், எண் ஒன்றிரண்டுக்கு மேல் ஆடாது. கசங்கிய தாள், கிழிந்த கேன் துண்டு போன்றவற்றின் ஒலி ஓரங்களில் பிசிறும். இதை வைத்து எதை முதலில் தோண்டுவது என்று முடிவு செய்யலாம். எதைத் தோண்டாமல் விடுவது என்று முடிவு செய்யக் கூடாது.

நசுங்கிய கேன் முழுதாகக் கிடந்தால் கண்டுபிடிப்பது எளிது. காயிலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். நாணயமும் மோதிரமும் உடனே அடங்கிவிடும், கேன் அப்போதும் கத்தும்.

கேன் வளையங்கள் ஒரு விதத்தில் உதவியும் செய்கின்றன. பிய்த்து எறியும் வகை வளையத்துக்கு எர்மல் ஃப்ரேஸ் என்ற அமெரிக்கர் 1960-களில் காப்புரிமை பெற்றார். கேனோடு ஒட்டியே இருக்கும் வகை 1975-ல் வந்து மெல்ல மெல்ல அதை ஒழித்தது. ஆக, நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வளையங்கள் ஒரு மண்ணின் மேலாக அள்ள அள்ள வந்தால், அந்தக் காலத்தில் கூட்டம் கூடிய இடம் அது, அதற்குப் பிறகு யாரும் அதை உருப்படியாகத் தேடவில்லை என்று எடுத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட இடத்தை நான் எளிதில் விடுவதில்லை.

பல் பல்லாக விளிம்புள்ள பாட்டில் மூடி 1892-ல் காப்புரிமை பெற்றது, வில்லியம் பெயின்டருடையது. எங்கே போனாலும் இருக்கும். எஃகுத் தகடு என்பதால் அது இரும்பின் குரலையும், தட்டையாக இருப்பதால் நல்ல உலோகத்தின் குரலையும் சேர்த்தே தரும். நாணயம் என்று நம்ப வைக்கும். டிடி காயிலில் ஒரு சோதனை செய்யலாம். சிக்னலின் மேல் ஆட்டியபடியே காயிலை உங்கள் பக்கம் மெல்ல இழுங்கள். பொருள் காயிலின் நடுவிலிருந்து முன்முனைக்கு நழுவும். நாணயம் என்றால் கடைசி வரை அதே எண்ணில் பேசி, சட்டென்று நின்றுவிடும். மூடி என்றால் முனைக்கு வரும்போது எண் சரிந்து, இரும்பின் உறுமல் எட்டிப் பார்க்கும்.

தோண்டுவது

காயிலை இழுக்கும் அதே வழி இடத்தைக் குறிக்கவும் உதவும். ஒலி நிற்கும் கணத்தில் பொருள் காயிலின் முன்முனைக்கு நேர் கீழே இருக்கிறது. இதை இரண்டு திசையில் செய்து குறுக்கிட்டால் கைக்குட்டை அகலக் குழி போதும். புல் இருந்தால் மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தை ஒட்டவிட்டு மடித்துத் திறங்கள். மூடியதும் புல் பிழைத்துக்கொள்ளும். மண்ணை ஒரு துணியில் கொட்டுங்கள்.

பொருள் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். குழிக்கு மேல் மறுபடி காயில், சுவரிலும் அடியிலும் பின்பாயிண்டர், துணியில் கொட்டிய மண்ணுக்கு மேலும் ஒருமுறை. ஓர் ஆணி வெளியே வந்தால் அது மூடி வைத்திருந்த இடம் திறந்துவிட்டது என்று அர்த்தம். வந்தது வெறும் ஆணிதானே என்று குழியை மூடிவிட்டுப் போகிறவர்கள் நல்ல சமயத்தில் எழுந்து போகிறார்கள்.

எடுத்த குப்பையை மண்ணிலேயே திரும்பப் போடாதீர்கள். நாளை நீங்களே அதன் மேல் நிற்பீர்கள். இடுப்பில் இரண்டு பை கட்டுங்கள், ஒன்று குப்பைக்கு, ஒன்று பொருளுக்கு. ஆணி மிகுந்த மனையில், தேடத் தொடங்குவதற்கு முன்பே சதுரத்தின் மேல்மண்ணைக் கொத்துவாரியால் லேசாகக் கிளறி, கயிற்றில் கட்டிய வலுவான காந்தத்தை இழுத்துவிடுவேன். சின்ன ஆணியும் கம்பித் துண்டும் துருச் செதிலும் கொத்தாக ஒட்டி வரும். தங்கம், வெள்ளி, செம்பு எதுவும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் பயமில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

மழை பெய்து ஓரிரு நாளில் ஈரம் இருக்கும்போது தோண்டவும் சுலபம், சிக்னலும் பெரும்பாலும் நன்றாக வரும். அதே சதுரத்தை வேறொரு ஈரத்தில், வேறொரு காயிலில் பார்த்தால் புதிதாக ஏதாவது பேசும்.

கைக்கும் காலுக்கும்

குப்பை மண் என்றால் கண்ணாடி, ஊசி, துருப்பிடித்த பிளேடு எல்லாம் உண்டு. தடித்த கையுறை இல்லாமல் குழிக்குள் விரலை விடாதீர்கள். டெட்டனஸ் ஊசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசிந்த பேட்டரியை வெறுங்கையால் தொட வேண்டாம். ஷெல், கையெறி குண்டு போல எதுவும் தென்பட்டால் தொடாமல், நகர்த்தாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு விலகிப் போய்க் காவல் துறைக்குச் சொல்லுங்கள்.

நிலத்தின் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள், கிடைப்பதை எப்படிப் பகிர்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியோடு காலே வைக்கக் கூடாது. புதையல் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. உங்களுடையதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மோதிரத்தின் உட்புறம் பெயரோ தேதியோ பொறித்திருந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். தேடிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதியே அதுதான். பழைய நாணயம் கிடைத்தால் மண்ணைத் துடைக்கிறேன் என்று விரலால் தேய்க்காதீர்கள். ஒட்டிய மணலே அதன் முகத்தைக் கீறிவிடும். அப்படியே தனியாகப் பொதிந்து வைத்து, வீட்டில் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

ஒரு சதுரம் எப்போது முடிந்தது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: டிஸ்கிரிமினேஷனை முழுக்க இறக்கிவிட்டு, சின்னக் காயிலில் இரண்டு திசையிலும் மெல்ல ஒருமுறை போக வேண்டும். இரும்பு உட்பட எங்கேயாவது உறுமினால் அதைத் தோண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை மறுபடி கேட்க வேண்டும். உறுமலும் நின்றபின், பெரிய காயிலை மாட்டி ஒருமுறை; மேலே மூடியிருந்த குப்பை போய்விட்டதால் அதற்கு இப்போதுதான் ஆழம் தெரியும். ஆழத்திலிருந்து வரும் சிக்னல்களையும் எடுத்துவிட்டுக் குழிகளை மிதித்து மூடி, நூலை அவிழ்த்து, பழைய சதுரத்தின் ஓரத்தில் ஒரு சாண் உள்ளே வரும்படி அடுத்த சதுரத்தைக் கட்டுங்கள்.